பிள்ளை ஆண்டு முழுக்க நலமாக இருக்க: மதுரைக் குடும்ப மருத்துவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைகைக்கு வடகரையில், செல்லூர்ப் பக்கம் பல வருடமாகக் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். பெற்றோரின் முக்கியமான கேள்வி பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வருவதில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி, “டாக்டரம்மா, இன்னொன்னு கேட்கணும்” என்பார்களே, அப்போதுதான் வரும். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்திருப்பார். நானும் ஒரு வரி சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த ஒரு வரி போதவில்லை என்று எனக்கே தெரியும். வாசலில் நின்று கேட்ட அந்தக் கேள்விகளுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது. எதிர்ப்பு சக்திக்கு ஒரு நல்ல டானிக் எழுதித் தரக்கூடாதா?

அப்படி ஒரு டானிக் இல்லை. இருந்தால் முதலில் என் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பேன்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள் இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகும் முதல் வருடம் இன்னும் கூடும். ஒவ்வொரு சளியிலும் உடம்பு ஒரு கிருமியைப் பழகிக்கொள்கிறது.

நான் பார்ப்பது சளியை அல்ல, இரண்டு சளிக்கு நடுவில் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதை. ஓடுகிறதா, விளையாடுகிறதா, எடை ஏறுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. எடை ஏறவில்லை, ஒன்றுக்கு இரண்டு முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, இருமல் இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வீட்டில் தாத்தாவோ அப்பத்தாவோ நாள்பட இருமிக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சாப்பிடவே மாட்டேங்கிறான். என்னதான் செய்வது?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. போன மாதம் இரண்டரை வயதுப் பையனோடு ஓர் அம்மா வந்தார். வரிசையில் காத்திருக்கும்போதே ஒரு கையில் போன், ஒரு கையில் டப்பா. போனில் பாட்டு ஓடுகிறது, வாய் தானாகத் திறக்கிறது, ஒரு வாய் இட்லி உள்ளே போகிறது. பையன் மெல்லவில்லை. கன்னத்தில் அப்படியே ஒதுக்கி வைத்திருக்கிறான். ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம். எடை பார்த்தேன்: 12 கிலோ 800 கிராம். அந்த வயதுக்கு மிகச் சரியான எடை. அவன் பட்டினி கிடக்கவில்லை, அம்மாவுக்குத்தான் மன நிம்மதி இல்லை.

பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். அதன்பின் வேகம் குறைந்துவிடும். இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சி குறைந்தால் பசியும் குறையும். முதல் வருடத்தில் சாப்பிட்டதுபோல் சாப்பிடவில்லையே என்று நாம் பதறும் வயது சரியாக இதுதான்.

எப்போது, என்ன கொடுப்பது என்பது உங்கள் கையில் இருக்கட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சின்னத் தீனி. ஒரு வேளைக்கு 20 அல்லது 25 நிமிடம், அதற்குமேல் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டாமல் எடுங்கள். அடுத்த வேளை வரை பிஸ்கட், சிப்ஸ், பால் எதுவும் வேண்டாம். பசித்து உட்காரும் பிள்ளை சாப்பிடும். கீழே சிந்தும், முகமெல்லாம் பூசிக்கொள்ளும், அப்பத்தா முகம் சுளிப்பார். சிந்தட்டும். தன் கையால் அள்ளித் தின்னும் பிள்ளைக்குத்தான் வயிறு நிறைவது எப்போது என்று தெரியும்.

அப்புறம், காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஒத்துக்கொண்ட திட்டம் அது. வீட்டில் கொடுத்து அனுப்ப முடியவில்லை என்றால் பள்ளியில் சாப்பிடட்டும், அதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை.

பால் நிறையக் குடிக்கிறாளே, அது போதாதா?

போதாது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்குமேல் குடித்தால் பசி அடங்கிவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு லிட்டர் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, ஈரல், கூடவே ஒரு துண்டு கொய்யா அல்லது எலுமிச்சை பிழிந்த ஏதாவது ஒன்று. சாப்பாட்டோடு டீ வேண்டவே வேண்டாம், அது இரும்பைச் சேரவிடாது. மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பிள்ளையை அடிக்காதீர்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள்.

வெயில் காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சிறுநீரை. காலையிலிருந்து எத்தனை முறை போனான், என்ன நிறம்? ஆறு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது அடர் மஞ்சளாகப் போகிறது என்றால் தண்ணீர் போதவில்லை. சித்திரையில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது “தாகமா இருக்கா?” என்று விளையாட்டில் இருக்கும் பிள்ளையைக் கேட்டுப் பயனில்லை. கேட்காமலே கொடுக்க வேண்டும். மோர், பானகம், இளநீர், உப்பு போட்ட கஞ்சித்தண்ணீர். ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் வெயில் காலத்திலும் தண்ணீர் கூடாது. அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தால் போதும்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெல்லிய பருத்திச் சட்டை, தலைக்குத் தொப்பி, வீட்டுத் தண்ணீர். பந்தலில் கொடுக்கும் நீர்மோரை அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அதில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் தண்ணீரில்தான் வருகின்றன. கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்க, பிள்ளையின் முன்கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டாதீர்கள், அது வியர்வைத் துளையை இன்னும் அடைக்கும். இரண்டு வேளைக் குளியலும் காற்றும்தான் மருந்து.

இன்னொன்று. கோடை விடுமுறையில் எனக்குக் காய்ச்சலைவிடப் பயம் கண்மாயும் கிணறும்தான். அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் அம்மாச்சி வீட்டுக்குப் போகும் பட்டணத்துப் பிள்ளைக்கு ஆழம் தெரியாது. மண் எடுத்த குழி தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் துணை இல்லாமல் கரைக்குக்கூடப் போகக்கூடாது. ஏழு எட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொடுங்கள், அதுவும் ஒரு தடுப்பூசிதான்.

அம்மை போட்டால் குளிப்பாட்டலாமா?

குளிப்பாட்டலாம். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி ஒற்றித் துடைத்தால் அரிப்பு குறையும், கொப்புளத்தில் சீழ் பிடிக்காது. வேப்பிலையில் படுக்க வையுங்கள், வாசலில் கட்டுங்கள், கூழ் ஊற்றுங்கள். அதை எந்த மருத்துவரும் தடுக்க வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார், நோய் பரவாது. நம் முன்னோர் செய்த நல்ல காரியம் அது. ஆனால் சாமி குற்றம் என்று மருந்தை மறுக்காதீர்கள். மூச்சு இரைத்தாலோ, பிள்ளை மயங்கி மயங்கித் தூங்கினாலோ, அன்றே மருத்துவரிடம் வர வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

தடுப்பூசித் தேதி தவறிவிட்டது. முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். வெட்கப்பட்டு வராமல் இருப்பதுதான் தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அரசு ஊசி தரமற்றது என்ற பேச்சை நம்பாதீர்கள். ஐந்து நோய்களுக்கான ஊசி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து, நிமோனியாவைத் தடுக்கும் நியுமோகாக்கல், தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் அங்கே இலவசமாகவே போடுகிறார்கள். பெரும்பாலோர் மறப்பது ஒன்றரை வயது பூஸ்டரையும் ஐந்து வயது பூஸ்டரையும்தான். 10 வயதிலும் 16 வயதிலும்கூட ஊசி உண்டு என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. அம்மைக் கொப்புளத்துக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் ஊசி வேண்டுமென்றால் தனியாரிடம் போட்டுக்கொள்ளலாம்.

சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பூச்சி மாத்திரை எப்போது?

ஒரு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுப்பார்கள். அங்கே கொடுத்தால் என்னிடம் மறுபடி கேட்க வேண்டாம்.

காய்ச்சல் 102 இருக்கிறது. உடனே வர வேண்டுமா?

முதலில் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் 100.4 தொட்டாலே, ராத்திரி 2 மணியானாலும் கிளம்ப வேண்டும். அதற்கு மேற்பட்ட பிள்ளை என்றால் தெர்மாமீட்டரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய அரை மணி நேரத்தில் எழுந்து விளையாடுகிறதா, தண்ணீர் கேட்கிறதா? அப்படியானால் விடியும்வரை காத்திருக்கலாம். காய்ச்சல் இறங்கியும் துவண்டே கிடந்தால் 100 டிகிரியாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

பாராசிட்டமால் அளவில்தான் நிறையத் தவறு நடக்கிறது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஆனால் கடையில் மூன்று விதமான பாட்டில் இருக்கிறது. 5 மில்லியில் 125 உள்ளது என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3 மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும், அதில் ஒன்றரை மில்லிதான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் கட்டாயம் படியுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம் விடுங்கள், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள், ஐஸ் தண்ணீர் கூடாது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் 108. நின்றாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

மழைக்காலம் வந்தாலே டெங்கு பயம். காய்ச்சல் விட்டுவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கலாமா?

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடும் நேரம்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. “காய்ச்சல் விட்டுருச்சு டாக்டரம்மா, நேத்திலிருந்து தூங்கிக்கிட்டே இருக்கா” என்று நிம்மதியோடு ஓர் அப்பா சொன்னார். தொட்டுப் பார்த்தால் பிள்ளையின் கைகால் சில்லென்று இருந்தது. முந்தின இரவுக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. அது தூக்கம் இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், நேரத்துக்குச் சலைன் ஏறியது, பிழைத்தாள்.

விடாத வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், சில்லிட்ட கைகால், சோர்வு, சிறுநீர் குறைவது. இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிதான். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உயிரைக் காப்பது பெரும்பாலும் சரியான அளவு நீர்ச்சத்துதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், மெஃபனமிக் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பதானால் குடியுங்கள். அதைக் குடித்தாயிற்று என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

கொசு சாக்கடையிலிருந்து வருகிறது என்று மாநகராட்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். 2024 அக்டோபர் மழையில் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது ஊருக்கே தெரியும். அந்தத் தண்ணீர் வடிந்த பிறகு டயரிலும் சிரட்டையிலும் மொட்டைமாடி உரலிலும் தேங்கி நின்றதை யாரும் பார்க்கவில்லை. குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது. சரி, பிடித்து வையுங்கள். துணி கட்டி மூடுங்கள், வாரம் ஒரு முறை உட்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள்.

வயிற்றுப்போக்குக்கு என்ன கொடுப்பது?

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் தூவிக் கொடுத்தால் உப்பு அளவு தப்பிவிடும், பிள்ளைக்கு அது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். கூடவே துத்தநாகம் (ஜிங்க்) மருந்து 14 நாள், போக்கு நின்ற பிறகும் நிறுத்தாமல். தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்தாதீர்கள். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாம் சாப்பிடலாம். அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்கும் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. மலத்தில் ரத்தம் வந்தால், கண் குழி விழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

மார்கழிக் குளிரில் நெஞ்சுச் சளி. இருமல் சிரப் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த சின்னஞ்சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அதன் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. நஞ்சு இல்லாத நல்ல சிரப்பும்கூடச் சின்னப் பிள்ளையின் சளியைச் சீக்கிரம் ஆற்றுவதில்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது தாண்டியவர்களுக்குத் தூங்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது.

இதைவிட முக்கியமாக, மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். ஓர் அம்மா எனக்குப் போன் செய்து “58 வருது, குழி விழுகுது” என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அந்த அம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்பு.

அப்பத்தா உரம் எடுக்கணும், தொக்கம் எடுக்கணும் என்கிறார். மறுக்க முடியவில்லை.

அப்பத்தாவையும் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தாலாட்டுவது, ராகி கிண்டிக் கொடுப்பது எல்லாம் அவரிடம்தான் கற்க வேண்டும். ஆனால் உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டினால் கைக்குழந்தையின் கழுத்து தாங்காது. தொக்கம், அதாவது வயிற்றில் சிக்கிய சாப்பாட்டை எடுப்பதாகச் சொல்கிறவர் வாயிலிருந்து வந்து விழும் பருக்கை பிள்ளையின் வயிற்றிலிருந்து வந்ததில்லை. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம், காதிலும் விட வேண்டாம். சூடு போடுவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை, அதில் நான் சமரசம் செய்ய மாட்டேன்.

தெரு நாய் லேசாகப் பிராண்டியது, ரத்தம்கூட வரவில்லை.

வந்தாலும் வராவிட்டாலும் முதலில் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு தடவக் கூடாது. அன்றே ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம்: முதல் நாள், 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யுனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் சேர்த்துப் போட வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை. பல பிள்ளைகள் அடி விழும் என்று பயந்து வீட்டில் சொல்வதில்லை. “நாய் கடிச்சா திட்ட மாட்டேன், உடனே வந்து சொல்லு” என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

எவ்வளவு நேரம் போன் பார்க்கலாம்?

இரண்டு வயது வரை வேண்டாம். ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள். தினமும் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. தெருவில் விளையாட விடுங்கள்.

உங்களிடம் வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

தடுப்பூசி அட்டை. ஏற்கெனவே கொடுத்த மருந்துப் பாட்டில்கள், அட்டைப் பெட்டியோடு. கடைசியாகச் சிறுநீர் போன நேரம், வாந்தி எத்தனை, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியது. காலெண்டர் கிழித்த தாளில் ஓர் அம்மாச்சி கோடு போட்டுக் கொண்டு வந்தார், ஒரு போக்குக்கு ஒரு கோடு, பதினோரு கோடு. அதைவிடத் தெளிவான குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

முடிந்தால், ராத்திரி பிள்ளையோடு விழித்திருந்தவர் வரட்டும். அப்பா மட்டும் வேலைக்குப் போகிற வழியில் தூக்கி வந்தால், நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்கிறது.